ஓவியர் அவையும் அதன் இரு வாயில்களும்

ஓவியரும் சிற்பியரும் தாமே கூடி ஒரு காட்சிக்கூடம் அமைத்து, தம் உறுப்பினர் படைப்புக்களுள் தக்கவற்றைத் தேர்ந்து காட்சிக்கு வைத்தல் இக்காலத்து உலகெங்கும் காணப்படும் வழக்கமாகும். வணிகர் நடத்தும் கூடத்தில் விலையும், அரசு நடத்தும் கூடத்தில் ஆணையும் தேர்வினை ஆளுதல் கூடும். கலைஞர் நடத்தும் கூடம் இவ்விரண்டினின்றும் விடுபட்டது எனக் கொண்டாலும், அதற்கே உரிய இடர்ப்பாடு ஒன்று உண்டு. ஆங்குப் படைப்போரும் தேர்வோரும் ஒரே குழுவினர். இன்று நடுவராய் அமர்பவர் நாளை நடுவர்முன் தம் படைப்பை வைப்பவர். இந்நிலையில் நடுவுநிலைமை எங்ஙனம் அமையும் என்பதே ஈண்டு ஆராயத் தக்கது. ஓவியர்க்கு மட்டும் உரிய வினாவன்று இது. தமிழ்ப் புலவர் அவையும் தமிழ்நாட்டு ஊரவையும் முன்பே எதிர்கொண்ட வினாவாகும். ஆதலின் தமிழ் ஆராய்ச்சியாளர் இதன்கண் கருத்துச் செலுத்துதல் பொருந்தும்.

தமிழ்நாட்டில் இத்தகைய அமைப்புக்கு முதன்மையான சான்று, சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்துக் கடற்கரையில் உள்ள சோழமண்டலம் ஓவியர் கிராமம். 1850-ஆம் ஆண்டில் அலெக்சாந்தர் ஹண்டர் என்னும் மருத்துவர் சென்னையில் ஒரு கலைப்பள்ளி நிறுவினார். பின்னர் அரசின் பொறுப்பில் வந்த அப்பள்ளி கலையையும் கைத்தொழிலையும் ஒருங்கே கற்பித்தது. இந்திய நாட்டின் அலுமினியப் பாத்திரத் தொழில் 1898-இல் அப்பள்ளியின் பட்டறையில், ஆல்பிரட் சாட்டர்ட்டன் என்பாரின் முயற்சியால் தோன்றியது என்பது பலரும் அறியாத செய்தி. அதன் தலைவராய் அமர்ந்த முதல் இந்தியர் தேவி பிரசாத் ராய் சௌதுரி. சென்னைக் கடற்கரையில் நிற்கும் உழைப்பாளர் சிலை அவர் படைத்ததே. அவருக்குப்பின் 1957-இல் கே. சி. எஸ். பணிக்கர் முதல்வரானார்.

பணிக்கர் 1944-ஆம் ஆண்டிலேயே சென்னையில் முற்போக்கு ஓவியர் சங்கம் கண்டவர். கற்று வெளிப்போந்த மாணவர் பிழைப்பின்பொருட்டுக் கலையைக் கைவிடும் நிலை அவரை வருத்தியது. அதற்கு அவர் கண்ட வழி எளியது. ஓவியர் ஒன்றுகூடிப் பாத்திக் துணி முதலிய கைவினைப் பொருள்களைச் செய்து விற்பது, அவ்வருவாயால் வாழ்வது, எஞ்சிய பொழுதில் விலைநோக்கின்றிப் படைப்பது. இவ்வாறு சேர்ந்த பொருள்கொண்டு நிலம் வாங்கி 1966-இல் சோழமண்டலத்தை அமைத்தனர். சுல்தான் அலி, வாசுதேவ், நந்தகோபால், சேனாதிபதி முதலியோர் அதனோடு தொடர்புடையோர். அங்குள்ள சென்னை ஓவிய இயக்கத்தின் அருங்காட்சியகம் 2009-இல் திறக்கப்பெற்றது.

இவ்வமைப்பின் தனிச்சிறப்பு யாதெனின், வயிற்றுக்கு ஒரு தொழிலும் மனத்திற்கு ஒரு கலையும் என இரண்டனையும் பிரித்து நிறுத்தியதாகும். கைவினைப் பொருளை வாங்குவோர் மதிப்பிடலாம். ஓவியத்தை ஓவியரே மதிப்பிடுவர். சந்தைக்குரிய தேர்வும் அவைக்குரிய தேர்வும் ஒன்றோடொன்று மயங்காதிருக்க இதனினும் நல்ல ஏற்பாட்டைக் காண்டல் அரிது. ஆயினும் சந்தையின் ஆட்சி நீங்கிய அளவானே அவையின் தேர்வு நேரிதாய்விடும் எனல் ஆகாது. அவையின் உள்ளேயும் விருப்பு உண்டு; வெறுப்பு உண்டு; ஆசிரியன்பால் கொண்ட அன்பும் உண்டு.

இதனைத் தெளிவுறக் காண இறையனார் அகப்பொருள் உரையுள் வரும் வரலாற்றை நினைவு கூர்தல் வேண்டும். அது நிகழ்ந்த செய்தியா, புனைந்த கதையா என்னும் ஆராய்ச்சி ஈண்டு வேண்டுவதில்லை. அதன்கண் அமைந்த கருத்தே நமக்கு வேண்டுவது. அந்நூலுக்குச் சங்கப் புலவர் நாற்பத்தொன்பதின்மரும் உரை கண்டனர். ஒவ்வொருவரும் தத்தம் உரையே சிறந்தது என்றனர். அவருள் எவரும் நடுவராக இயலவில்லை; அனைவரும் போட்டியிடுவோராய் இருந்தமையே காரணம். ஆகவே அரசனை அடைந்து ஒரு காரணிகனை வேண்டினர். புலவர் நாற்பத்தொன்பதின்மர்க்கும் மேலான ஒருவனை யான் எங்ஙனம் தருவேன் என அவனும் கைவிட்டான். இறுதியில் உருத்திரசன்மன் என்னும் ஐந்தாண்டு மூங்கைச் சிறுவனைக் காரணிகனாக இருத்தி உரைகளைப் படித்தனர். மெய்யுரை கேட்குமிடத்துக் கண்ணீர் பெருக்குதலும் மயிர்சிலிர்த்தலுமே அவன் தீர்ப்பு. மருதன் இளநாகனார் உரைக்குச் சிலசில இடங்களில் அவன் கண்ணீர் விட்டான். நக்கீரனார் உரைக்குச் சொல்தோறும் விட்டான்.

இவ்வரலாற்றால் பெறப்படுவன மூன்று. போட்டியிடுவோர் நடுவராதல் கூடாது என்பது ஒன்று. தேர்வு மறைவில் நிகழாது அவையோர் அனைவர்முன்னும் நிகழ்ந்தது என்பது இரண்டு. மூன்றாவது நுட்பமானது, பலர் நோக்காது விடுவது. உருத்திரசன்மன் ஏற்றல், மறுத்தல் என்னும் இரண்டோடு நிற்கவில்லை. இளநாகனார் உரையில் எவ்வெவ்விடம் சிறந்தது என்பதும் அவன் கண்ணீரால் புலப்பட்டது. வெற்றி பெறாத படைப்பின் நலனும் அவையில் பதிவாயிற்று. இன்றைய கண்காட்சித் தேர்வுகள் பலவற்றில் காணக் கிடையாதது இதுவே. மறுக்கப்பட்ட ஓவியன் தன் படைப்பைத் திரும்பப் பெறுகின்றான். அதில் எவ்விடம் நன்று, எவ்விடம் குறை என்னும் அறிவைப் பெறுகின்றானில்லை.

எனினும் ஒன்று கூறல் வேண்டும். மூங்கைச் சிறுவனின் கண்ணீர் சிறந்த இடத்தைக் காட்டும். சிறந்ததன் காரணத்தைக் காட்டாது. காரணிகன் என்னும் சொல்லிலேயே காரணம் உளது. ஆயின் அக்காரணிகன் வாய் பேசாதவன். காரணம் உரைத்தல் திறனாய்வாளன் கடமையாக எஞ்சி நிற்கின்றது.

புலவர் அவையினின்று ஊரவைக்குச் செல்வோம். காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில் முதற் பராந்தகச் சோழனின் 12, 14-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுக்கள் உள்ளன. இவை கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளுக்கு உரியவை. ஊர் முப்பது குடும்புகளாகப் பகுக்கப்பட்டது. தகுதியுடையோர் பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு, எழுத்தின் உள்ளீடு அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுப்பித்தனர். எடுத்த ஓலையை மத்தியஸ்தன் ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் வாங்கி, அவையோர் கேட்பப் படித்தான். முந்திய மூன்றாண்டுகளில் வாரியம் செய்தோர் மீண்டும் தேர்வு பெறலாகாது. வாரியம் செய்து கணக்குக் காட்டாதோரும், அவர்தம் உறவினரும் விலக்கப்பட்டனர். சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் என்பன இம்முறையால் அமைந்தன.

இரு வரலாற்றிலும் சிறுவன் ஒருவன் வருதல் வியப்புக்குரியது. அகப்பொருள் உரையின் சிறுவன் பொருளை முற்ற உணர்ந்து பேச இயலாதவன். உத்திரமேரூர்ச் சிறுவன் கையில் எடுத்ததை இன்னதென அறியாதவன். ஒருவன் அறிவால் நடுவன். மற்றவன் அறியாமையால் நடுவன். பகையும் உறவும் தீண்டாத ஒருவனைத் தேடிய நம் முன்னோர் இருமுறையும் குழந்தையிடமே சென்றனர். வளர்ந்தார் அவையில் பற்றற்ற நடுவர் கிடைத்தல் எத்துணை அரிது என அவர் உணர்ந்திருந்தமை இதனால் விளங்கும்.

குடவோலை முறையைப் போற்றுவோர் அதன் எல்லையையும் கூறுதல் கடமை. குடத்தினுள் ஓலை சென்றபின் முறை தூயது. ஆனால் குடத்தினுள் செல்லும் உரிமை அனைவர்க்கும் இல்லை. கால்வேலிக்கு மேற்பட்ட இறைநிலம், தன் மனையில் கட்டிய இல்லம், முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்கு உட்பட்ட அகவை, வேதக் கல்வி ஆகியன தகுதிகள். உழுதோரும் நெய்தோரும் அக்குடத்தைக் கண்டாரேயன்றி அதனுள் தம் பெயரைக் கண்டாரல்லர். ஆகவே எந்தத் தேர்வு அவைக்கும் இரு வாயில்கள் உண்டு என அறிக. உறுப்பினராகும் வாயில் புறவாயில். உறுப்பினருள் தேர்வு பெறும் வாயில் அகவாயில். அகவாயிலில் எத்துணை நேர்மை இருப்பினும் புறவாயில் அடைபட்டிருப்பின் அவையின் நடுவுநிலைமை அரைகுறையே.

மேலைநாட்டு வரலாறும் இதனையே அறிவுறுத்தும். 1863-இல் பாரிசுக் கலைக்காட்சியின் நடுவர் பெருந்தொகையான ஓவியங்களை மறுத்தனர். எழுந்த முறையீட்டைக் கேட்ட மூன்றாம் நெப்போலியன், மறுக்கப்பட்டவற்றுக்குத் தனிக் காட்சி அமைக்கச் செய்தான். மானே வரைந்த பெயர்பெற்ற ஓவியம் ஒன்று அங்கேதான் மக்கள் கண்ணுக்குப் புலனாயிற்று. 1884-இல் நடுவரும் இல்லை, பரிசும் இல்லை என்னும் கொள்கையோடு ஓவியர் தாமே ஒரு காட்சி தொடங்கினர். அதனைப் பின்பற்றி 1917-இல் நியூயார்க்கு நகரத்தில் கட்டணம் செலுத்திய உறுப்பினர் எவர் படைப்பும் ஏற்கப்படும் என அறிவித்த சங்கத்தார், மார்செல் துஷாம் மாற்றுப் பெயரில் அனுப்பிய ஒரு பொருளைக் காட்சிக்கு வைக்க ஒருப்படவில்லை. நடுவரை ஒழித்தோம் என்ற அவையிலும் நடுவர் இருந்தனர்; பெயரும் பொறுப்பும் இன்றி இருந்தனர் என்பதே வேறுபாடு. ஆதலின் நடுவரே வேண்டா என்பது தீர்வாகாது. பெயரோடும் காரணத்தோடும் காலவரையறையோடும் நடுவர் இருத்தலே வேண்டுவது.

இவ்வளவைகளைக் கொண்டு சோழமண்டலத்தை நோக்குவோம். அதன் பெருந்தேர்வு புறவாயிலிலேயே நிகழ்ந்துவிட்டது எனலாம். நிறுவியோருட் பெரும்பாலோர் ஒரே கல்லூரியில் பயின்றோர். ஒரே ஆசிரியரைச் சூழ்ந்தோர். இதனால் வந்த நன்மை பெரிது. கோட்டினை முதன்மையாகக் கொண்டு, நாட்டு மரபின் குறியீடுகளினின்று புதுமை காணும் ஒரு நெறி உருவாயிற்று. பணிக்கர் 1963 முதல் வரைந்த சொல்லும் குறியும் என்னும் வரிசையில் எழுத்தும் எண்ணும் சோதிடக் கட்டமும் படிக்கும் பொருளை இழந்து பார்க்கும் பொருளாயின. ஆயின் ஒரு நெறியின் வன்மையே அதன் எல்லையும் ஆகும். அருங்காட்சியகத்தின் சுவர், காலம் முன்னரே தேர்ந்துவிட்டவற்றைப் பேணுவது. உறுப்பினர் கண்காட்சியின் சுவரோ இன்னும் தீர்ப்புப் பெறாதவற்றைத் துணிந்து ஏந்துவது. முன்னதன் பெருமை பின்னதன் துணிவை விழுங்கிவிடாது காத்தல் ஓவியர் ஆளும் ஒவ்வோர் அமைப்பின் கடனாகும்.

புறவாயில் திறந்திருந்தமைக்கு ஒரு சான்றும் சோழமண்டலத்திலேயே உண்டு. கே. இராமானுசம் என்னும் ஓவியர் பேச்சுத் தடையும் மனநலிவும் உடையவர். பொதுவழக்கின்படி நோக்கும் எந்தத் தேர்வுக் குழுவும் அவரை எளிதில் ஒதுக்கியிருக்கும். பணிக்கர் அவரை ஊக்கினார். சோழமண்டலம் அவர்க்கு உறைவிடமாயிற்று. மாளிகைகளும் விந்தை உயிர்களும் நெருங்கிய கனவுலகினை நுண்கோட்டால் அவர் வரைந்தார். 1973-இல் இளமையிலேயே மறைந்தார். சென்னை இயக்கத்தை ஆராய்வோர் எவரும் இன்று அவரை விடுத்து எழுதுவதில்லை. அன்று ஓரவை மூங்கைச் சிறுவனை நடுவனாக உயர்த்தியது. இங்கு ஓரவை பேச்சு அரிதாகிய ஒருவரைப் படைப்பாளராக ஏற்றது. இரண்டும் அவைகளின் பெருமையே.

இவ்வாராய்ச்சியின் பயன் பழம்பெருமை கூறுதலோடு முடிதல் ஆகாது. சென்னைக் கலைக்கல்லூரியின் முன்செல்லும் பூவிருந்தவல்லி நெடுஞ்சாலை மேற்கே நீண்டு திருப்பெரும்புதூரை அடைகின்றது. இராமானுசர் பிறந்த அவ்வூர்ப் பகுதி இன்று பெருந்தொழில் நிலம். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொழிற்சாலை 1998-இலும், ஒரகடத்தில் ரெனோ–நிசான் தொழிற்சாலை 2010-இலும் இயங்கத் தொடங்கின. 2006-இல் தொடங்கிய நோக்கியா தொழிற்சாலை 2014-இல் மூடப்பட்டது. பல மாவட்டத்தினரும் பிற மாநிலத்தினருமாகிய இளைஞர் அங்கு முறைப்பணி செய்து விடுதிகளில் வாழ்கின்றனர். இரும்பும் வண்ணமும் அவர் கைக்குப் பழகியவை. அவருள் வரையும் கை உடையார் இலர் எனக் கூற எவர்க்கும் உரிமையில்லை. உழைப்பாளரைச் சிலையாக்கிய கலைமரபு, உழைப்பாளர் தாமே படைத்த ஒன்றைத் தன் சுவரில் ஏற்குமா என்பதே இனி அம்மரபினை அளக்கும் கோல்.

அத்தகையோர் தமக்கென ஓர் அவை காணினும், முன்னுள்ள அவைகள் அவர்க்கு வாயில் திறப்பினும், வேண்டப்படும் விதிகள் புதியன அல்ல. அவை உத்திரமேரூர்ச் சுவரிலும் அகப்பொருள் உரையிலும் உள்ளன. தேர்வுக் குழுவில் அமர்வோர் அவ்வாண்டுக் காட்சியில் தம் படைப்பை வைத்தல் ஆகாது. ஒருமுறை அமர்ந்தோர் மூன்றாண்டு கழியுந்துணையும் மீண்டும் அமர்தல் ஆகாது. உறவும் ஆசிரிய மாணவத் தொடர்பும் உள்ள இடத்து நடுவர் விலகி நிற்றல் வேண்டும். தேர்வு உறுப்பினர் முன்னிலையில் நிகழ்தல் வேண்டும். மறுக்கப்பட்டோர்க்குக் காரணம் எழுத்தில் தரப்படுதல் வேண்டும். உத்திரமேரூர் விதியாத ஒன்றையும் சேர்த்தல் வேண்டும்: நிலமும் கல்விப் பட்டமும் உறுப்பினர் தகுதியாகா, படைப்பு ஒன்றே தகுதி.

காரணம் எழுதும் பணியில் தமிழ்த்துறையினர்க்கும் பங்கு உண்டு. பரிபாடலின் 19-ஆம் பாட்டு, திருப்பரங்குன்றத்து ஓவியங்களைக் கண்டோர் இஃது யாது என வினவியதையும், அறிந்தோர் விடை கூறியதையும் காட்டுகின்றது. வினவுவோர்க்கு விடை கூறும் அவ்வழக்கம் நம்மிடை அருகிவிட்டது. செய்யுளின் நலம் கூறப் பல நூற்றாண்டாய்ச் சொற்களைத் தேடி வைத்துள்ள நாம், கோட்டுக்கும் வண்ணத்துக்கும் நலம் கூறும் சொற்களைப் பிறமொழியாளரிடம் கடன் பெறுகின்றோம். உருத்திரசன்மனின் கண்ணீர் விழுந்த இடத்தில் நின்று, அது விழுந்ததன் காரணத்தைத் தமிழில் உரைக்கவல்ல மாணவர் சிலரேனும் இத்துறையினின்று எழுதல் வேண்டும்.