பாதி டிக்கெட், முழு அலைச்சல்

நம் நாட்டில் மாணவர்களுக்குச் சலுகைக்குப் பஞ்சமே இல்லை. பாட்டு கேட்கச் சலுகை, லேப்டாப் வாங்கச் சலுகை, ஆகாயத்தில் பறக்கச் சலுகை. ரயிலிலும் உண்டு. ஆனால் ரயில் சலுகையை வாங்கிப் பயணம் செய்த கல்லூரி மாணவர் யாராவது உங்கள் தெருவில் இருந்தால் சொல்லுங்கள், ஒரு பொன்னாடை போர்த்தலாம்.

முதலில் என்னென்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். பல பேருக்கு இதுவே தெரியாது. விடுதியில் தங்கிப் படிக்கும் பையன் லீவுக்குச் சொந்த ஊர் போக, இரண்டாம் வகுப்பிலும் ஸ்லீப்பரிலும் அடிப்படைக் கட்டணத்தில் பாதி. தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவர்களுக்கு முக்கால்வாசி தள்ளுபடி. கல்விச் சுற்றுலாவுக்கும் இப்படியே. கிராமத்து அரசுப் பள்ளியில் படித்த பெண், மருத்துவம், இன்ஜினீயரிங் நுழைவுத்தேர்வு எழுதப் போனால் இரண்டாம் வகுப்பில் 75 சதவிகிதம் தள்ளுபடி. யு.பி.எஸ்.சி. மெயின் தேர்வுக்குப் போகிறவர்களுக்குப் பாதி. தினசரி ரயிலில் போய்ப் படிக்கும் பெண்களுக்குப் பட்டப்படிப்பு வரை, பையன்களுக்கு பிளஸ் டூ வரை, இரண்டாம் வகுப்பு சீசன் டிக்கெட் இலவசம்.

நல்ல பட்டியல்தான். 2020 மார்ச்சில் கொரோனாவைச் சொல்லி ரயில்வே பெரும்பாலான கட்டணச் சலுகைகளைத் தூக்கியபோது, முதியோர் சலுகைகூடப் போய்விட்டது. மாற்றுத்திறனாளிகள், நோயாளிகள், மாணவர்கள் ஆகிய மூன்று தரப்பினர் சலுகை மட்டும் தப்பியது. அதற்காக ஒரு நன்றி சொல்லிவிடுவோம்.

இனிதான் விஷயம். தப்பிப் பிழைத்த இந்தச் சலுகையை வாங்குவது எப்படி?

ஐ.ஆர்.சி.டி.சி.யில் உட்கார்ந்து தேடாதீர்கள். கிடைக்காது. அதற்கென்று ரயில்வே அச்சடித்த பாரம் ஒன்று உண்டு. அது கல்லூரி ஆபீஸில் ஏதோ ஒரு பீரோவில் இருக்கும். ஆபீஸில் எழுதிக் கொடுத்து, பிரின்சிபாலிடம் கையெழுத்து வாங்கி, சீல் குத்தி, ரயில்வே ஸ்டேஷன் முன்பதிவு கவுன்டருக்குப் போய் வரிசையில் நிற்க வேண்டும். பிரின்சிபால் மீட்டிங்கில் இருப்பார். கிளார்க் லீவில் இருப்பார். "பாரம் தீர்ந்துபோச்சு, அடுத்த வாரம் வா தம்பி" என்பதும் நடக்கும்.

இதற்குள் என்ன ஆகும்? 2024 நவம்பரிலிருந்து முன்பதிவு 60 நாளைக்கு முன்னால்தான் திறக்கிறது. பொங்கல், தீபாவளி என்றால் தெற்கே போகிற வண்டிகளில் ஸ்லீப்பர் இடம் சில நிமிஷத்தில் காலி. வீட்டில் இன்டர்நெட் வைத்திருப்பவர் காபி ஆறுவதற்குள் வாங்கிவிடுகிறார். கையில் பாரத்தோடு வரிசையில் நிற்கும் பையனுக்கு வெயிட்டிங் லிஸ்ட். சரி, தட்கலில் பார்ப்போம் என்றால், தட்கலில் எந்தக் கன்செஷனும் கிடையாது. கடைசியில் ஆம்னி பஸ்ஸில் பண்டிகை ரேட் கொடுத்து ஊர் போய்ச் சேருகிறான். சென்னையிலிருந்து திருநெல்வேலிக்கு ஸ்லீப்பர் டிக்கெட் ஏறக்குறைய நானூறு ரூபாய். அதில் இருநூறுக்குச் சற்றுக் குறைவாக மிச்சம் பிடிக்கக் கிளம்பியவன், ஆயிரத்துக்கு மேல் கொடுத்துவிட்டு வருகிறான்.

விமானத்தில் போகிற மாணவனைப் பாருங்கள். கம்பெனியின் வெப்சைட்டில் 'மாணவர்' என்று ஒரு கட்டம். அதைத் தட்டினால் கட்டணத்தில் கொஞ்சம் குறைகிறது, பெட்டிக்குக் கூடுதலாகப் பத்து கிலோ கிடைக்கிறது. ஏர்போர்ட்டில் ஐ.டி. கார்டைக் காட்டினால் சரி. பிரின்சிபாலுக்கு அங்கே வேலையே இல்லை. ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் எல்லாம் அப்படித்தான். வீட்டிலிருந்தபடியே மாணவன் என்று நிரூபித்தால் விலை குறையும். அவர்கள் தர்மப் பிரபுக்கள் இல்லை. இன்று குறைந்த விலைக்குப் பழகினவன் நாளைக்குச் சம்பளம் வாங்கும்போது முழு விலை கொடுப்பான் என்ற கணக்கு. அது வியாபாரம், இருக்கட்டும். ஆனால் அவர்கள் தங்கள் தள்ளுபடி மாணவன் கைக்குப் போய்ச் சேர வேண்டும் என்று நினைக்கிறார்கள். ரயில்வே நினைக்கிறதா என்று சந்தேகமாக இருக்கிறது.

மொத்தத்தில், பிளேனில் போக வசதியுள்ளவனுக்குச் சலுகை விரல் நுனியில். ஸ்லீப்பரில் போகிறவனுக்கு மூன்று நாள் அலைச்சல். யாருக்குக் காசு அவசியமோ அவனிடம்தான் அதிகப் பேப்பர் கேட்கிறோம்.

"கையெழுத்து இல்லாமல் கொடுத்தால் கண்டவனும் ஏமாற்றுவானே சார்" என்பார்கள். 2020க்கு முன்னால் அறுபது வயதுத் தாத்தா ஆன்லைனில் 'சீனியர் சிட்டிசன்' என்று தட்டி 40 சதவிகிதம் குறைத்துத்தான் டிக்கெட் எடுத்தார். எந்த அதிகாரியும் கையெழுத்துப் போடவில்லை. வண்டியில் டி.டி.ஆர். வந்து கேட்டால் வயதுச் சான்றைக் காட்டினார், அவ்வளவுதான். தாத்தாவை நம்பிய அதே ரயில்வே பேரனை ஏன் நம்பக் கூடாது? கல்லூரி கார்டு அவன் கழுத்திலேயே தொங்குகிறதே!

இதற்கு வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டாம். நம்ம டவுன் பஸ்ஸே போதும். ஜூனில் ஸ்கூல் திறந்ததும் புது பஸ் பாஸ் கைக்கு வர நாளாகும். அதுவரை சீருடையோ பழைய பாஸோ இருந்தால் பிள்ளைகளை ஏற்றிக்கொள்ளுங்கள் என்று போக்குவரத்துத் துறை வருஷா வருஷம் கண்டக்டர்களுக்குச் சொல்கிறது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமே இல்லை. எந்தப் பெண்ணும் அதற்காக விண்ணப்பம் எழுதவில்லை, வருமானச் சான்றிதழ் வாங்கத் தாலுகா ஆபீஸ் வாசலில் நிற்கவில்லை. ஏறினாள், உட்கார்ந்தாள், காலேஜுக்குப் போனாள். அத்தனை பேருக்கும் அந்தச் சலுகை போய்ச் சேர்ந்ததற்குக் காரணம், நடுவில் பாரம் இல்லாததுதான்.

ரயில்வே பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டாம். முன்பதிவுப் பக்கத்தில் 'மாணவர்' என்று ஒரு வரி சேர்க்கட்டும். ஏமாற்றுகிறவனை வண்டியில் பிடித்து அபராதம் போடட்டும்.

அது நடக்கும்வரை பெற்றோருக்கு ஒரு வார்த்தை. விடுதியில் படிக்கும் பிள்ளை பண்டிகைக்கு வருவதாக இருந்தால், இரண்டு மாதம் முன்னாலேயே கல்லூரி ஆபீஸில் ரயில்வே கன்செஷன் பாரம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். "அதெல்லாம் எப்பவோ நிறுத்திட்டாங்களே" என்று பதில் வந்தால் திரும்பி வந்துவிட வேண்டாம். நிறுத்தவில்லை. பீரோவைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.