பிறர் எழுதிய 'நான்'

பிரபலங்களின் சுயசரிதைகளை நகைப்புக்காகப் படித்தல் சமூக நோக்குடைய வாசகனுக்குத் தகுமா என நண்பர் சிலர் எம்மிடம் வினவுவதுண்டு. தாராளமாகத் தகும். நட்சத்திரம் ஒருவர் தம் விவாகங்களையும் வைரங்களையும் நானூறு பக்கம் விரித்துரைத்து, எளிமையே தம் இயல்பென முடிக்குமிடத்துச் சிரியாதிருக்கும் வாசகனைக் குறித்தே நாம் கவலையுறுதல் வேண்டும். நகை பிறக்கும் களங்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கினைத் தொல்காப்பியர் கூறினார். இந்நூல்களில் நான்கும் உள; இளமை மட்டும் பெரும்பாலும் அட்டைப்படத்தோடு நின்றுவிடும்.

1961ஆம் ஆண்டில் பற்றிக் டெனிஸ் என்னும் அமெரிக்க எழுத்தாளர், கற்பனை நடிகை ஒருத்தியின் பெயரால் 'லிட்டில் மீ' என்ற பொய்ச் சுயசரிதையைப் புகைப்படங்களுடன் வெளியிட்டார். பகடி எழுதுவோருக்கு அக்காலத்தில் வேலை இருந்தது. பின்னாளில் யூஜீன் பாக், டேல் றெய்பெல் ஆகியோர் உருவாக்கிய மேடை நிகழ்ச்சியோ அந்த வேலையையும் பறித்துவிட்டது. அங்கே நடிகர்கள் மெய்யான சுயசரிதைகளைக் கையிலேந்தி நின்று, உள்ளதை உள்ளவாறே வாசிப்பர். ஒரு சொல்லேனும் கூட்டுவதில்லை. அவையோ வயிறு குலுங்கச் சிரிக்கும். 2009இல் நியூயோர்க்கின் டிராமா டெஸ்க் விருதும் அதற்குக் கிடைத்தது.

அந்நிகழ்ச்சியிற் பெயர்பெற்ற பகுதி நடிகை எலிசபெத் ரெய்லரைச் சூழ்ந்த காதல் விவகாரமாகும். பாடகர் எடி பிஷர், மனைவி டெபி றெனோல்ட்ஸைப் பிரிந்து 1959இல் ரெய்லரை மணந்தார். ரெய்லர் பிஷரைப் பிரிந்து 1964இல் றிச்சர்ட் பேட்டனை மணந்தார். சம்பந்தப்பட்டோரின் நூல்களை மாறிமாறி வாசிக்கையில், ஒவ்வொருவரும் தம் கதையில் தலைமைப் பாத்திரமாகவும் அடுத்தவர் கதையில் துணைப் பாத்திரமாகவும் நிற்கக் காண்கிறோம். பிஷர் 1981இலும் 1999இலுமாகத் தம் வாழ்க்கையை இருமுறை எழுதினார். ஒருமுறை போதவில்லை போலும்! இச்சிரிப்பை நாம் விமர்சனம் என்றே கொள்வோம். தனியொரு 'நான்' சொல்லும் உண்மை எத்துணைக் குறுகியது என்பதை நீண்ட ஆய்வுரைகளிலும் பார்க்க இது விரைவாக உணர்த்திவிடுகிறது.

ஆயினும் எல்லாச் சிரிப்பும் ஒரு தரத்தன அல்ல. இங்கிலாந்தின் விளம்பர அழகி கேற்றி பிறைஸைக் குறித்து எழுந்த ஏளனத்தில் ஒரு பகுதி அவரது நூலைத் தொடவேயில்லை. அவரது பேச்சையும் படிப்பையும் வர்க்கத்தையுமே தொட்டது. 2004இல் வெளிவந்த அவரது 'பீயிங் ஜோர்டன்' என்ற சுயசரிதையை எழுதிக் கொடுத்தவர் றெபெக்கா பான்வேத். தம் பெயரில் வரும் நாவல்களைத் தாம் எழுதுவதில்லை என்பதைப் பிறைஸ் மறைத்தவருமல்லர். படித்தவர் மேலிருந்து கீழ்நோக்கிச் சிரிக்கும் சிரிப்பு எமக்கு உடன்பாடன்று.

தற்புகழ்ச்சிக்கு நன்னூலார் நான்கே இடங்களில் அனுமதி அளித்தார்: அரசவைக்கு ஓலை விடுக்கும்போது, தன் ஆற்றலை அறியாதாரிடையே, அவையில் வாதிட்டு வெல்லும்போது, எதிரி பழிக்கும்போது. ஏனைய இடங்களில் அது தகாது. ஆதலாலேயே சிறப்புப் பாயிரத்தைப் பிறர் செய்தல் மரபாயிற்று. கூலிக்கு எழுதப்படும் சுயசரிதை இம்மரபைத் தலைகீழாக நிறைவேற்றுகிறது. புகழ்பவர் பிறரே, ஆனால் 'நான்' என்று சொல்லிப் புகழ்கிறார்.

1987இல் டொனால்ட் ட்றம்பின் சுயசரிதையாக வந்த 'த ஆர்ட் ஒவ் த டீல்' நூலைப் பாருங்கள். அதில் உழைத்தவர் ரோனி ஷ்வார்ட்ஸ் என்னும் பத்திரிகையாளர். முற்பணத்திலும் உரிமைத்தொகையிலும் பாதி அவருக்கு. ட்றம்ப் பேட்டிக்குப் பொறுமையாக அமராமையால், மாதக்கணக்கில் அவரது தொலைபேசி உரையாடல்களை ஒட்டுக்கேட்டு நூலை ஆக்கியதாக 2016இல் 'நியூயோர்க்கர்' சஞ்சிகைக்கு ஷ்வார்ட்ஸ் கூறினார்; அதனை எழுதியமைக்காக வருந்தினார். தாமே எழுதியதாக ட்றம்ப் வாதிட்டார். 'நியூயோர்க் ரைம்ஸ்' பட்டியலில் 13 வாரம் முதலிடத்தில் நின்ற நூல் அது. அதன் ஆடம்பரத்தைக் கண்டு சிரித்தவர்களும், அந்த 'நான்' மெய்யான மனிதனே என நம்பியன்றோ சிரித்தார்கள்? பொம்மையின் முகத்தைப் பார்த்து நகைத்தோர், கயிற்றைப் பிடித்த கை யாருடையது, அதற்குக் கூலி கொடுத்தவர் யார் என்று கேட்கவில்லை.

2015 யூனில், இந்நூலை எழுதியவரைப் போன்ற தலைவரே நாட்டுக்குத் தேவை என்று கூறி ட்றம்ப் ஜனாதிபதித் தேர்தலில் இறங்கினார். தம்மை அப்பதவிக்குப் பிரேரித்தமைக்கு நன்றி என்று ஷ்வார்ட்ஸ் பகிரங்கமாகப் பதிலிறுத்தார். நல்ல பகிடிதான். 2016 நவம்பரில் வென்றவர் ட்றம்ப்.