பெயரொப்புமையும் ஊர்த்தொன்மையும்

இன்றும் மக்கள் வாழும் தொன்னகரங்களுள் டமாசுகசோடு மதுரையையும் எண்ணுதல் தகும். சிறுபாணாற்றுப்படை வேலூர், ஆமூர் எனக் கூறுதலின் நம் வேலூரையும் ஆம்பூரையும் அவ்வரிசையிற் சேர்க்கலாமோ எனின், அன்று.

நல்லியக்கோடனது ஓய்மானாடு திண்டிவனத்தைச் சூழ்ந்தது. பாணன் செல்லும் வழியோ நெய்தலின் எயிற்பட்டினம், முல்லையின் வேலூர், மருதத்தின் ஆமூர் என முறையே அமைந்து கிடங்கிலில் முடிகின்றது. கடற்கரையினின்று கிடங்கில் செல்வோன் தொலைவிலுள்ள பாலாற்றங்கரைக்கு வந்து மீளான். ஆதலின் அவ்வேலூர் உப்புவேலூர் எனக் கோடலே பொருந்தும்.

மதுரையின் தொன்மை பெயரளவில் நிற்பதன்று. அழகர்மலைத் தமிழிக் கல்வெட்டில் ‘மதிரை’ என்னும் பெயரே பொறிக்கப்பெற்றுளது. நம் வேலூர்க்கு 16ஆம் நூற்றாண்டுக் கோட்டையும் 1806ஆம் ஆண்டுப் புரட்சியும், ஆம்பூர்க்கு 1749ஆம் ஆண்டுப் போரும் தோற்றொழிலும் உள. இரவற்பழமை இவற்றிற்கு வேண்டா.