பூனைத்தோல் கழுத்துப்பட்டையும் போலி வைரமும்

உடையையும் அணியையும் பொருளாகக் கொண்டு எழுந்த உலகச் சிறுகதைகளுள் இரண்டு என்றும் நிலைத்து நிற்பவை. ஒன்று, ருஷ்ய எழுத்தாளர் கோகல் 1842இல் வெளியிட்ட ‘மேலங்கி’. மற்றொன்று, பிரெஞ்சு எழுத்தாளர் மாப்பசான் 1884இல் எழுதிய ‘அட்டிகை’. இரண்டும் சிறுவருவாய்க் குடும்பத்தின் கதைகள். விலை எட்டாத பொருளுக்கு மாற்றுத் தேடுவோரின் கதைகள். புகழ்பெற்ற நிறுவனத்தின் ஆடை ஆயிரக்கணக்கில் விற்க, அதைப் போன்றதொன்றைக் குறைந்த விலைக்குக் கைப்பேசித் திரையில் நம் வீட்டுப் பிள்ளைகள் தேடும் இந்நாளில், இவ்விரு கதைகளையும் சேர்த்து வைத்துப் படிப்பது பயன் தரும் என எண்ணுகின்றோம்.

கோகலின் நாயகன் அக்காக்கி அக்காக்கியெவிச், பீட்டர்ஸ்பர்க் அலுவலகமொன்றில் நகலெடுக்கும் எழுத்தன். ஆண்டு ஊதியம் 400 ரூபிள். நைந்துபோன மேலங்கி இனி ஒட்டுப்போடவும் தாங்காது என்று தையற்காரன் பெத்ரோவிச் கைவிரித்துவிடுகிறான். புதியதற்கு 80 ரூபிளாவது வேண்டும். எழுத்தன் மாலைத் தேநீரை விடுகிறான். இரவில் மெழுகுவத்தி ஏற்றுவதில்லை. காலணி தேயாதிருக்க நுனிக்காலால் நடக்கிறான்.

பணம் சேர்ந்தபின் இருவரும் கடைக்குச் செல்லும் இடம் கூர்ந்து நோக்கத்தக்கது. மேல்துணியில் அவர்கள் சிக்கனம் பார்க்கவில்லை; மிக நல்லதையே வாங்குகின்றனர். உள்துணிக்குப் பட்டை விடுத்து உறுதியான பருத்தியைத் தேர்கின்றனர். கழுத்துப்பட்டைக்கு மார்ட்டன் என்னும் விலங்கின் மென்மயிர்த்தோல் வாங்க வசதியில்லை. ஆகவே கடையிலிருந்த பூனைத்தோலில் மிகச் சிறந்ததை வாங்குகின்றனர். தொலைவில் நின்று பார்ப்பவர் அதை மார்ட்டன் என்றே கருதுவர். தையலோ பட்டுநூலால் இட்ட இரட்டைத் தையல். கூலி 12 ரூபிள். குளிரைத் தாங்குவதில் குறை வைக்கவில்லை, பகட்டில்தான் குறைத்துக்கொண்டனர். விலை மலிந்த மாற்றை நாடுவோர்க்கு இதனினும் தெளிவான பாடத்தை நாம் கண்டதில்லை.

மாப்பசானின் மத்தில்தும் ஓர் எழுத்தனின் மனைவியே. ஒரே ஒரு விருந்துக்காகக் கணவனின் சேமிப்பிலிருந்து 400 பிராங்குக்கு உடை வாங்குகிறாள். அதுவும் போதாமல் செல்வத் தோழியிடம் வைர அட்டிகையை இரவல் பெறுகிறாள். அதைத் தொலைத்தும் விடுகிறாள். அதைப் போன்றதொன்றை 36,000 பிராங்குக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு, கணவனும் மனைவியும் பத்தாண்டு உழைத்துக் கடனடைக்கின்றனர். இறுதியில்தான் தெரிகிறது, தொலைந்தது போலி. 500 பிராங்குக்கு மேல் பெறாதது.

இக்கதையைப் பகட்டுக்கு எதிரான அறவுரை என்று பலர் கூறுவர். அவ்வளவில் நின்றுவிட நமக்கு உடன்பாடில்லை. போலியை அணிந்த செல்வப் பெண்ணை எவரும் ஐயுறவில்லை; அவளுடைய வீடும் வாழ்வுமே அக்கல்லுக்கு நற்சான்று. ஏழையோ அதே ஒளிக்கு மெய்விலை கொடுத்தாள். பொருளின் மதிப்பைப் பொருளில் தேடாமல் அணிந்தவரிடத்தில் தேடும் உலக வழக்கையே ஆசிரியர் சுட்டுகிறார். எனினும் ஒரு குறையும் உண்டு. இறுதித் திருப்பத்தில் கொண்ட ஆவலால், பத்தாண்டுப் பாட்டைச் சில பத்திகளில் கடந்துவிடுகிறார். அவ்வட்டிகையைச் செய்த கை எதுவென்றும் நமக்குத் தெரிவதில்லை. கோகலிலோ தைத்தவனை அறிவோம், கூலியையும் அறிவோம். ஆதலின் கோகலே நம் நெஞ்சில் நிற்கிறார்.

இன்றைய சந்தைக்கு வருவோம். திரைப்படச் சண்டைக் காட்சியில் நாயகனுக்காகக் குதிப்பவரை ‘டூப்’ என்போம். விலையுயர்ந்த பொருளின் தோற்றத்தில் வரும் மலிவுப் பொருளுக்கும் மேலைநாட்டு இளைஞர் இப்பெயரையே இட்டுள்ளனர். பல்லாயிரம் டாலர் விலையுள்ள பிரெஞ்சுக் கைப்பை ஒன்றன் சாயலில், சுமார் 80 டாலருக்கு ஒரு பை 2024ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்க இணைய அங்காடியொன்றில் விற்றது பெரும் பேச்சாயிற்று. சாயலில் ஒத்திருப்பது வேறு. பிறர் பெயரையும் முத்திரையையும் திருடி ஒட்டுவது வேறு. பின்னது சட்டப்படி குற்றம்.

திரையில் வாங்குவோர்க்கு ஓர் இடர் உண்டு. அங்கே எல்லாப் பொருளையும் தொலைவிலிருந்தே காண்கின்றோம். பூனையும் மார்ட்டனும் ஒன்றாகவே தோன்றும். ஆதலால் பெத்ரோவிச்சின் கண் நமக்கு வேண்டும். நூல் பருத்தியா, பாலியெஸ்டரா? சதுர மீட்டருக்குத் துணியின் எடை எத்தனை கிராம்? உட்புறத் தையலைப் படத்தில் காட்டியுள்ளனரா? பொருந்தாவிடில் திருப்பி எடுப்பார்களா? இவற்றைக் கேட்டபின் விலையைப் பார்ப்பதே முறை. அயல்நாட்டு நிறுவனங்களுக்காகத் தைத்து எஞ்சிய பின்னலாடைகள் திருப்பூர்க் காதர்பேட்டையில் மலிவாகக் கிடைப்பதையும் நம்மவர் அறிவர். அங்கே துணியைத் தொட்டே பார்க்கலாம்.

உயர்ந்த விலை தைத்தவரின் நலனுக்குச் சான்றாகாது. புகழ்பெற்ற பெயரும் சான்றாகாது. 2013 ஏப்ரல் 24இல் டாக்காவை அடுத்த சாவரில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அங்கிருந்த ஆலைகள் மேலைநாட்டின் பெயர்பெற்ற நிறுவனங்கள் பலவற்றுக்குத் தைத்தவையே. ஆயினும் ஒரு சட்டை ஒரு வேளைச் சாப்பாட்டின் விலைக்குக் கிடைக்கிறதென்றால், குறைந்தது எவர் கூலியோ என்று ஒரு கணம் எண்ணிப் பார்ப்பது நம் கடமை.

மலிவாக வாங்குவதில் இழுக்கேதும் இல்லை. நல்ல துணி, உறுதியான தையல், பூனைத்தோல் கழுத்துப்பட்டை என்று அவ்வெழுத்தன் தேர்ந்த வழி நடுத்தரக் குடும்பத்துக்கு ஏற்ற வழி. பிறர் கண்ணுக்காக விலையையும் கேளாமல் வாங்கும் பழக்கத்தையே நம் இல்லங்களிலிருந்து விலக்க வேண்டும். இவ்விரு கதைகளையும் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுங்கள். அடுத்த முறை திரையில் ஓர் ஆடையைக் காணும்போது, அவர்களே தையலைப் பற்றிக் கேட்பார்கள்.