டிக்கிக்குள் ஒரு பை

பழைய காரைப் பார்க்க வருபவர்கள் பெரும்பாலும் பானட்டைத் திறக்கச் சொல்வார்கள். விஷயம் தெரிந்தவர் டிக்கியைத் திறக்கச் சொல்வார். ஸ்டெப்னிக்குப் பக்கத்தில், சுருட்டி வார் போட்டுக் கட்டிய டூல்ஸ் பை இருக்கிறதா என்று அவர் கண் தேடும். காரோடு கம்பெனியிலிருந்து வந்த அதே பை இருந்துவிட்டால், அந்தக் கார் எப்படிப்பட்ட கைகளில் இருந்து வந்திருக்கிறது என்பது பாதி புரிந்துவிடும்.

சென்னையில் பழைய கார்களுக்கு மரியாதை கூடியிருக்கிறது. தி.நகர் எம்.ஜி.ஆர். நினைவு இல்லத்தில் நிற்கும் 4777 அம்பாசடரைப் பார்க்க இன்றும் ஆட்கள் வருகிறார்கள். வடபழனி ஏ.வி.எம். ஸ்டூடியோவில் 2023-ல் பழைய கார்களைக் காட்சிக்கு வைத்து ஒரு மியூசியம் திறந்தார்கள். பெயின்ட், குரோம், சீட் எல்லாவற்றுக்கும் தாராளமாகச் செலவு செய்கிறவர்கள், கருவிகளைக் கடைசியில்தான் நினைக்கிறார்கள். எனக்கோ ஒரு காரின் அந்தரங்கமே அந்தப் பையில்தான் இருக்கிறது.

நம் ஊர்க் காரையே எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தில் 1959-ல் வந்த ட்ரையம்ஃப் ஹெரால்டு, 1961 முதல் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என்ற பெயரில் சென்னையில் தயாரானது. செய்தது வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ். நான்கு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டுமே வந்தது. அதன் பானட், மட்கார்டையும் சேர்த்துக்கொண்டு மொத்தமாக முன்பக்கம் சாயும். சாய்த்துவிட்டு முன் டயர் மேல் உட்கார்ந்தால் இன்ஜின், ஸ்டியரிங், சஸ்பென்ஷன் எல்லாமே கைக்கு எட்டும். வாங்கியவர் தானே ஸ்பானர் பிடிப்பார் என்று நம்பி வடிவமைத்த கார் அது. டூல்ஸ் பை அந்த நம்பிக்கையின் மறுபாதி.

அந்தக் கால பிரிட்டிஷ் கார்களோடு பொதுவாக ஜாக்கி, வீல் ஸ்பானர், வீல் கப்பை நெம்பி எடுக்கும் பட்டை, டாமி பாரோடு பிளக் ஸ்பானர், இருபக்க ஸ்பானர்கள், குறடு, திருப்புளி இவையெல்லாம் வரும். விலை உயர்ந்த கார் என்றால் ஃபீலர் கேஜ், டயர் லீவர், கிரீஸ் கன் வரை நீளும். காருக்குக் கார், வருடத்துக்கு வருடம் பட்டியல் மாறும். அதனால் வேட்டை தொடங்க வேண்டிய இடம் கடைத்தெரு அல்ல. அந்த மாடலின் ஹேண்ட்புக்கும் ஸ்பேர் பார்ட்ஸ் கேட்டலாக்கும்தான்.

அடுத்தது மரை. இந்தக் கலையின் நுட்பமெல்லாம் இங்கேதான். பழைய பிரிட்டிஷ் ஸ்பானர்கள், ஜோசஃப் விட்வொர்த் 1841-ல் வகுத்த மரைக் கணக்கில் வந்தவை. அதில் 1/4 என்று அடித்திருந்தால் ஸ்பானர் வாய் கால் அங்குலம் என்று அர்த்தமில்லை. அது பிடிக்கும் போல்ட்டின் தண்டு கால் அங்குலம். வாயை அளந்தால் 0.525 அங்குலம் இருக்கும். 1948-ல் அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் பொதுவான ஒரு மரைக்கு ஒப்புக்கொண்டன. அந்த வரிசை ஸ்பானர்களில் ஏ.எஃப். என்ற எழுத்தோடு வாயின் அகலமே எண்ணாக இருக்கும். ஹெரால்டு இந்த இரண்டாவது வகை. 7/16, 1/2 ஏ.எஃப். ஸ்பானர்கள்தான் அதற்கு அதிகம் வேண்டும். அதன் பையில் ஒரு விட்வொர்த் ஸ்பானர் கிடந்தால், எவ்வளவு அழகாக இருந்தாலும் அது வேறு காரின் சொத்து. இன்று மெக்கானிக்கின் கையில் இருப்பதோ மில்லிமீட்டர் ஸ்பானர். 1/2 என்பது 12.7 மில்லிமீட்டர். அதில் 13-ஐப் போட்டால் பிடித்ததுபோல் இருக்கும். இறுக்கிய நட்டில் பலம் கொடுத்தால் மூலை மழுங்கும். சரியான ஸ்பானரைத் தேடி அலைவது வெறும் அலங்காரத்துக்காக அல்ல என்பதற்கு இது ஒன்றே போதும்.

பையை விரித்துப் பார்ப்பது தனி சுகம். நான் பார்த்த ஒரு பையில் கருவிகள் பாதிக்கு மேல் இல்லை. ஆனால் மடிப்புகளில் துரு இறங்கி, காணாமல் போனவற்றின் உருவம் துணியில் பதிந்திருந்தது. ஒரு மடிப்பில் ஸ்பானரின் இரண்டு வாயும் தெளிவாகத் தெரிந்தன. இன்னொன்றில் திருப்புளிக் கைப்பிடியின் புடைப்பு. நீளத்தையும் அகலத்தையும் அளந்துகொண்டால் எதைத் தேட வேண்டும் என்று பையே சொல்லிவிடும். அப்படிப்பட்ட பையைத் துவைக்கக் கூடாது. தையல் விட்டிருந்தால், ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் சீட் கவர் தைப்பவர்களிடம் கொடுத்துப் பழைய ஊசித் துளைகளிலேயே நூல் ஓட்டச் சொல்ல வேண்டும்.

தேடுவதற்கான இடங்களுக்கு நம் ஊரில் குறைவில்லை. புதுப்பேட்டையில் இரும்புக் குவியலைக் கிளறலாம். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் தரையில் பரப்பியிருக்கும் பழைய சாமான்களில் கண்ணை ஓட்டலாம். கருவியில் அடித்திருக்கும் எழுத்தைப் படித்து வாங்க வேண்டும். டபாரியா நல்ல குறடுதான். ஆனால் அந்தக் கம்பெனி உற்பத்தியைத் தொடங்கியதே 1969-ல். 1963 மாடல் காரின் பையில் அது பின்னால் வந்து சேர்ந்ததாகத்தான் இருக்க முடியும்.

கிடைத்ததை எப்படி வைத்துக்கொள்வது? மயிலாப்பூர், அடையாறு பக்கம் கடல் காற்று இரும்பைச் சும்மா விடாது. மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பித்தளை பிரஷ்ஷால் தேய்த்து, மெல்லிய எண்ணெய் பூசினால் போதும். பஃபிங் போட்டுக் குரோம் பூசுவதைப் போன்ற பாவம் வேறில்லை. சாதாரணக் கார்களோடு வந்தவை பெரும்பாலும் கறுப்பு இரும்பு. பளபளப்பு ஏறும்போது கம்பெனி முத்திரையும் அளவெண்ணும் தேய்ந்து போகும். முழுசாகப் பளபளக்கும் போலிப் பையைவிட, இரண்டு கருவி குறைந்த உண்மையான பையே உயர்ந்தது என்பது என் தீர்மானமான கருத்து.

மயிலாப்பூரிலும் தி.நகரிலும் அடையாற்றிலும் கார் ஷெட் வைத்த பழைய வீடுகள் அடுக்குமாடிகளாகிக்கொண்டிருக்கின்றன. கார் எப்போதோ விலைபோயிருக்கும். பை மட்டும் பரணில் கிடக்கும். வீட்டைக் காலி செய்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: துருப்பிடித்த ஸ்பானர்களைக் காயலான் கடைக்கு எடை போட்டுக் கொடுக்கும் முன் அவற்றில் அடித்திருக்கும் எழுத்தை ஒருமுறை படியுங்கள். அதே மாடல் காரை வைத்துக்கொண்டு அதைத் தேடும் ஒருவர் இந்த ஊரிலேயே இருப்பார்.