திரையிற் பொருள் தேர்தல்
கணினித் திரையிலே சுட்டிய பொருள் யாதெனத் துணிதல், 1963இல் ஐவன் சதர்லாந்து ஒளிப்பேனாவாற் செய்துகாட்டிய கலை. இதில் விரைவு வேண்டின் நுட்பம் குன்றும் என்பார் கூற்று ஏற்புடைத்தன்று. பளைத் தென்னந்தோப்பிலே காய் பறிப்போன் காய்தோறும் ஆராய்வதில்லை. மரத்தையும் பின்னர்க் குலையையும் தேர்ந்தே, முற்றிய காயைத் தட்டியறிகின்றான். அவ்வாறே, பார்வையிடத்திலிருந்து சுட்டிய புள்ளியினூடே செல்லும் கற்பனைக் கதிர், பொருளைச் சூழ்ந்த பெட்டியைத் தொடாதாயின் அப்பொருளை முற்றாக விலக்கலாம். தொடின், உள்ளிருக்கும் முக்கோணங்களை வினவி, அண்மையிலுள்ளதைக் கொள்க. பெட்டியின் தீர்ப்பையே முடிபெனக் கொள்வார், வெற்றிடத்தைச் சுட்டியும் பொருளைப் பெறுவர். பொருள்தோறும் தனிநிறந் தீட்டி அறியும் முறை செம்மையானதே. எனினும், வரைபொறியிலிருந்து நிறம் மீளுமளவும் காத்திருக்க நேரும். ஆகவே, விலக்குதலில் விரைவும் தீர்ப்பளித்தலில் நுட்பமும் அமைக. பிழை விரைவினால் அன்று, அரைகுறைத் தீர்ப்பினாலேயே விளைவது.