ஒரே கம்பியில் ஒண்டுக்குடித்தனம்

லினக்ஸ் கெர்னலில் எனக்கு மிகவும் பிடித்தது, பழுதான வன்பொருளைச் சமாளிக்கும் சில நூறு வரிகள். பழைய பிசிஐ கணினிகளில் பல சாதனங்கள், பிராசஸரைக் கூப்பிடும் ஒரே இன்டரப்ட் கம்பியைப் பகிர்ந்துகொள்ளும். அவற்றில் ஒன்று ஓயாமல் கூப்பிட, எந்த டிரைவரும் ‘அது என்னுடையது’ என்று ஏற்காவிட்டால், பிராசஸருக்கு வேறு வேலையே ஓடாது. கெர்னல் பொறுமையாக எண்ணுகிறது. 1,00,000 அழைப்புகளில் 99,900-க்கு மேல் கேட்பாரற்றுப் போனால், ‘யாரும் கவனிக்கவில்லை’ என்று பதிவேட்டில் எழுதிவிட்டு அந்தக் கம்பியை முடக்குகிறது. அத்துடன் கைகழுவிவிடுவதில்லை. அதே கம்பியை நம்பியிருக்கும் நல்ல சாதனங்களுக்காக, நொடிக்குச் சுமார் 10 முறை தானே போய் விசாரிக்கிறது. வேகம் குறையும்; பெரும்பாலும் வேலை நிற்காது. அடங்காத குடித்தனக்காரரோடு ஒரே வீட்டில் இருந்த பாவத்துக்காக அடுத்தவரைப் பட்டினி போடாத நியாயம் அது.